ஏழு முறை எக்ஸ்போர்ட் ஆன கல்

“இன்னா சார் இது, கல்லா... ரவா உப்புமாவா?”

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, திண்டிவனத்தில் ஒரு மாடிக் கடையில், என்னை இப்படிக் கேட்டவர் ஸ்டெல்லா. கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவர். ஒரு நாளைக்கு நான்கு முகூர்த்தம் பார்த்துப் பழகிய கண். அதனிடமிருந்து என் வீடியோ தப்பவில்லை.

என் ஏழு நாள் உழைப்பு அது. ஆக்‌ஷன் கேமராவை நெஞ்சில் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து எடுத்தது. அதில் முதல் நாள் மட்டும் ஒரு சர்வே கல் வரும். கல்லில் ஓர் எண் வெட்டியிருக்கும். நான் கண்ணால் பார்த்த எண். பாசியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்த எண். ஆனால் ஸ்டெல்லாவின் பெரிய திரையில் எண்ணும் இல்லை, கல்லும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று கட்டம் கட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

தனியாகப் போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பக்கத்தில் வசந்தா நின்றிருந்தார்.

வசந்தாவுக்கு மயிலம் போகும் வழியில், உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், ஒன்றரை ஏக்கர் நிலம். அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். சொந்தமாக வரப்பு வைத்தது இவர் காலத்தில்தான். நிலத்தை ஒட்டி ஒரு வாய்க்கால். பெரிய ஏரி நிரம்பி வழிந்தால் – அங்கே ‘கோடி போகுது’ என்பார்கள் – அந்தத் தண்ணீர் இந்த வாய்க்கால் வழியாகத்தான் சித்தேரிக்குப் போக வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் அந்த வாய்க்காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்துத் தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்டார். தண்ணீர் என்ன செய்யும்? திரும்பி வசந்தாவின் நிலத்துக்குள் போகிறது. இரண்டு வருடமாக இதே கதை. பிடுங்க வேண்டிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது.

பக்கத்து நிலத்துக்காரர் சொல்வது எளிமையானது. அங்கே வாய்க்காலே கிடையாது. எப்போதோ மாட்டு வண்டி போன தடம்தான் அது.

வசந்தா தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தார். இன்னும் இரண்டே நாளில், புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு விசாரணை, திண்டிவனத்தில். நிலத்தில் போய்ப் பார்க்கலாமே என்கிறீர்களா? போய்ப் பார்த்தால் சமமான தரைதான் தெரியும். மழை விட்ட இரண்டாம் வாரமே ஜேசிபி வந்து போய்விட்டது. வாய்க்கால் மண்ணுக்குள் போனது. அதோடு அந்தக் கல்லும்.

அங்கே வாய்க்கால் புறம்போக்கின் எல்லைக் கல் இருந்தது என்பதற்கு இனி உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான். என் வீடியோ. உப்புமா.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், எனக்குத் தேதி வியாதி உண்டு. எந்த ஏரி எந்தக் கிழமை கோடி போனது, தண்ணீர் அடுத்த ஏரிக்கு எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்றெல்லாம் வருடா வருடம் குறித்து வைப்பேன். யாரும் கேட்டதில்லை. நானும் நிறுத்தியதில்லை. இந்த ஐப்பசியில் பெரிய ஏரி கோடி போகிறது என்று கேள்விப்பட்டதும் விழுப்புரத்திலிருந்து ஓடினேன். ஞாயிறு தொடங்கி சனி வரை ஏழு நாள். அந்த ஏழு நாளில் அறிமுகமானவர்தான் வசந்தா. தன் நிலத்துக்குள் தண்ணீர் ஏறுவதைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, ஏழு நாள் உழைப்பு எப்படி உப்புமா ஆனது?

ஸ்டெல்லா வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டினார். திடீரென்று நிறுத்தினார்.

“கடைசி நாள் பளிச்சுனு இருக்குது. நடுவுல கொஞ்சம் மங்கல். மொத நாளு மொத்தமா காலி. ஒரே கேமராதான சார்?”

“ஒரே கேமராதான்.”

“எப்டி எடிட் பண்ணீங்க, சொல்லுங்க.”

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். எனக்கு அன்றன்று கணக்கை அன்றன்றே முடித்துவிட வேண்டும். ஞாயிறு எடுத்ததை ஞாயிறு சாயங்காலமே வெட்டி, கீழே பட்டையாகத் தேதி போட்டு, எக்ஸ்போர்ட் செய்து, முழு வீடியோவாக்கி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை, அந்த முடிந்த வீடியோவை மறுபடி எடிட்டிங் மென்பொருளுக்குள் போட்டு, பின்னால் திங்கட்கிழமையை ஒட்டி, எக்ஸ்போர்ட். செவ்வாய்க்கிழமை, திங்கள் வரை முடிந்த வீடியோவின் பின்னால் செவ்வாயை ஒட்டி, எக்ஸ்போர்ட். இப்படியே சனி வரை. எந்த நாள் கேட்டாலும் அன்று வரைக்குமான வீடியோ என்னிடம் முழுதாக இருக்கும். எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்.

ஸ்டெல்லா நாற்காலியைத் திருப்பி என்னை முழுதாகப் பார்த்தார்.

“ஜெராக்ஸ எடுத்து ஜெராக்ஸ் போட்டு, அத எடுத்து இன்னொரு ஜெராக்ஸ் போட்டுக்கினு இருந்திருக்கீங்க சார். ஞாயித்துக்கெழம மட்டும் ஏழு தடவ மெஷினுக்குள்ள போய் வந்திருக்குது.”

ஒவ்வொரு முறை எக்ஸ்போர்ட் செய்யும்போதும் மென்பொருள் படத்தைச் சுருக்குகிறது. இது போனாலும் தெரியாது, அது போனாலும் தெரியாது என்று விவரங்களை எடுத்துப் போட்டுவிடுகிறது. ஒரு முறை என்றால் உண்மையிலேயே தெரியாது. ஏழு முறை?

அதிலும் ஆக்‌ஷன் கேமரா படம் என்றால் கூடுதல் சிக்கல். கல்யாண மண்டபத்தில் பின்னணித் திரை அசையாது, ஐயர் அசைந்தால் உண்டு. நெஞ்சில் கட்டிய கேமராவில் எல்லாமே அசைகிறது. தண்ணீர் அசைகிறது, கோரைப்புல் அசைகிறது, நடக்கிற என்னோடு உலகமே அசைகிறது. அத்தனை அசைவையும் எழுதி வைக்க ஒவ்வொரு விநாடிக்கும் நிறைய தகவல் வேண்டும். அந்த அளவுக்குப் பெயர் பிட்ரேட். நான் மென்பொருளில் தேர்ந்தெடுத்திருந்ததோ ‘சிறிய ஃபைல்’ என்ற வசதி. வாட்ஸப்பில் அனுப்பச் சுலபமாக இருக்குமே என்று.

பற்றாக்குறைக்கு அந்த அகலமான லென்ஸில் கல் ஏற்கெனவே சுண்டைக்காய் அளவுதான் தெரியும். அதில் எண் எவ்வளவு இருக்கும்? அதைத்தான் மென்பொருள் முதலில் தின்றிருக்கிறது.

ஏன் எனக்கு முன்பே தெரியவில்லை? நான் பார்த்ததெல்லாம் என் போன் திரையில். அதிலும் ஒவ்வொரு நாளும் சரிபார்த்தது ஒன்றே ஒன்றைத்தான் – கீழே தேதி சரியாக விழுந்திருக்கிறதா. பெரிய எழுத்து. ஏழு முறை போய் வந்தும் கம்பீரமாக நின்றது.

மண்டகப்பட்டுக் குகைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்பு பாறையில் எழுதியவர் ஒரே ஒரு முறைதான் எழுதினார். இன்றும் படிக்க முடிகிறது.

“இத ஏதாவது பளிச்சுனு ஆக்க முடியுமா?” என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். வெட்கத்தோடுதான்.

அவர் ஏதோ ஒரு பட்டனை அழுத்தினார். நடுங்கிய சாம்பலுக்குள்ளிருந்து கோடுகள் எழுந்தன. 214 போலத் தெரிந்தது. வசந்தா திரைக்குக் கிட்டே போனார். ஸ்டெல்லா இன்னும் கொஞ்சம் கூட்டினார். இப்போது 274. இன்னும் கொஞ்சம். 244.

“பாத்தீங்களா? இது கல்லு சொல்ற நம்பர் இல்ல சார். கம்ப்யூட்டர் சொல்ற நம்பர். இத எடுத்துக்கினு போனீங்கன்னா அக்காவுக்குத்தான் பேஜாரு” என்று பழைய நிலைக்கே மாற்றிவிட்டார்.

வசந்தா என்னிடம் திரும்பினார். “கேமராவுல மொதல்ல புடிச்சது இருக்குதாண்ணா?”

நல்ல கேள்வி. எனக்கே பதில் தெரியவில்லை.

ஒவ்வொரு நாளும் கேமராவிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுவது என் வழக்கம். ஆனால் படம் எடுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை டிஸ்க்கில் இடம் இல்லை என்று எதையோ அழித்தது நினைவில் இருந்தது. எதை? முடிந்த வீடியோதான் இருக்கிறதே, மூலம் எதற்கு என்று ஞாயிற்றுக்கிழமையை அழித்தேனோ? திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை, பேருந்தில் ஜன்னலோர சீட் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. வசந்தா கடை வாசலில் சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னொரு வருசம் தண்ணி நின்னுச்சின்னா நெலத்த அந்த ஆளுக்கே குடுத்துட்டு மறுபடி கூலிக்குப் போவ வேண்டியதுதாண்ணா. அவரும் அதுக்குத்தான் பாத்துக்கினு இருக்கறாரு.”

வீட்டில் செருப்பைக் கழற்றாமல் டிஸ்க்கைச் செருகினேன். கிழமை வாரியாக ஃபோல்டர்கள். திங்கள் இருந்தது. செவ்வாய், புதன்... எல்லாம் இருந்தது. ஞாயிறு? வரிசையில் கடைசியில் இருந்தது, திறந்தேன், ஓடியது. அழித்தது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு புத்தகக் கண்காட்சி. போகட்டும்.

மடிக்கணினியின் முழுத் திரையில் கல்லைத் தேடி நிறுத்தினேன். இரண்டு. ஒன்று. நான்கு. நான்கின் பக்கத்தில் உளி வழுக்கிய சிறு கீறல் வரை தெரிந்தது.

முடிவு செய்துவிட்டேன். ஏழு வீடியோவையும் தூக்கிப் போடு. மூலத்தை வைத்து முதலிலிருந்து திரும்பத் தொடங்கு. ஒரே டைம்லைன், ஒரே எக்ஸ்போர்ட். செவ்வாய்க்கிழமை லீவு எழுதிக் கொடுத்தேன்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு எங்கள் தெருவில் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, மாலை நான்கு வரை. நாள்காட்டியில் நானே சிவப்பு மையால் குறித்து வைத்திருந்தேன் என்பதைப் பிறகுதான் பார்த்தேன். மடிக்கணினியில் சார்ஜ் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. யோசிக்கவில்லை. டிஸ்க்கைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். மறுபடி திண்டிவனம் பேருந்து.

ஸ்டெல்லா அன்று ஒரு காதுகுத்து வீடியோவை ஓரமாகத் தள்ளிவைத்து எனக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தார். வசந்தா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

முதல் வேலையாக ஸ்டெல்லா எனக்கு மூன்று கட்டளை இட்டார். எடுத்த அளவு எதுவோ அதே அளவில் வெளியே வர வேண்டும். விநாடிக்கு எத்தனை ஃபிரேம் எடுத்தோமோ அத்தனையே. பிட்ரேட்டைக் கேமரா எழுதிய அளவுக்குக் குறையாமல் வை. ஃபைல் பெரிதாகும், ஆகட்டும். “பென்டிரைவ்ல போட்டுக்கினு போங்க. வாட்ஸப்ப மறந்துடுங்க” என்றார்.

நான் என் பழைய பாணியில் வெட்டத் தொடங்கினேன். ஏரித் தண்ணீர் வழிந்து விழும் கலங்கலிலிருந்து கல் வரைக்கும் ஆறு நிமிட நடை. தண்ணீர், கரை, தண்ணீர், பனைமரம், தண்ணீர். யார் பார்ப்பார்கள்? வெட்டினேன். வசந்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“அத ஏண்ணா வெட்டறீங்க? தண்ணி கலங்கல்லேர்ந்து கல்லு வரைக்கும் கூடவே வருதில்ல. நடுவுல வெட்டனா வாய்க்கா எங்க இருக்கும்?”

ஏரி, நீர்ப்பாசனம் என்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் நான். இது எனக்குத் தோன்றவில்லை. வெட்டியதைத் திரும்ப ஒட்டினேன்.

ஒரு மணி சுமாருக்கு முதல் எக்ஸ்போர்ட். ஐம்பது நிமிடம் எடுத்தது. பெரிய திரையில் ஓட்டினோம். கோரைப்புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கல் வந்தது. ஸ்டெல்லா நிறுத்தினார்.

மூன்று பேரும் பார்த்தோம். எண்ணின் மேல்பாதி அழகாகத் தெரிந்தது. கீழ்ப்பாதியில்... கருப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் கிழமை, தேதி, மணி, நிமிடம்.

என் பட்டை. மறுபடியும் போட்டிருந்தேன், இந்த முறை மணி, நிமிடமும் சேர்த்து இன்னும் பெரிதாக. கைப்பழக்கம்.

“மேல தூக்கி வெக்கலாமா சார்?” என்று ஸ்டெல்லா கேட்டார். மேலே வைத்தால் கலங்கல் மறைகிறது. ஓரமாக வைத்தால் பனைமரம் – அந்த இடத்துக்கு அடையாளமே அதுதான். தேதி இல்லாமல் ஒரு பதிவா என்று நான் வாதாடத் தொடங்கினேன். தேதி இல்லாத கல்வெட்டுகளால் ஆராய்ச்சியாளர்கள் படும் பாட்டையெல்லாம் எடுத்துச் சொன்னேன். ஒரு ஐந்து நிமிடம் பேசியிருப்பேன்.

வசந்தா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். “நெலம் என்னுது, தண்ணி என்னுது மேல நிக்குது. நீங்க உங்க தேதிக்கி அழறீங்களேண்ணா. கல்லு அங்க இருந்திச்சா இல்லியா? அத மட்டும் காட்டுங்க.”

ஸ்டெல்லா கீபோர்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

ஏழு பட்டைகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, வலித்தது. தேதிகளை ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். இத்தனையாவது நிமிடம் இன்ன நாள் என்று, அடிக்கோடு போட்டு. அவ்வளவுதான் என் உரிமை. பிறகு இன்னொரு எக்ஸ்போர்ட், மூலத்திலிருந்தேதான். முந்தியதைத் தொடவில்லை. தொடப் போனால் ஸ்டெல்லா கையைத் தட்டிவிட்டிருப்பார்.

புதன்கிழமை பதினோரு மணி விசாரணை பன்னிரண்டே காலுக்குத் தொடங்கியது. அதிகாரி ஒரு பெண்மணி. மேஜையில் நிலப்பட ஏட்டோடு சர்வேயர். பக்கத்து நிலத்துக்காரர் வெள்ளைச் சட்டையில், அமைதியாக, மாட்டு வண்டித் தடம் என்பதை மூன்று விதமாகச் சொன்னார். வசந்தாவுக்கு முறை வந்தபோது ஒரே வாக்கியம்தான் சொன்னார். “வீடியோ இருக்குது மேடம், அத பாத்துட்டுச் சொல்லுங்க.”

ஆறு நிமிட நடையை அதிகாரி நிறுத்தாமல் பார்த்தார். கலங்கலில் விழுந்த தண்ணீர் கரைக்குள்ளேயே ஓடி வந்தது. பனைமரம் கடந்தது. கல். என் கை பாசியைத் துடைத்தது. சர்வேயர் எழுந்து வந்து திரையில் குனிந்தார். அவர் எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டு ஏட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து அதிகாரிக்குக் காட்டினார்.

பக்கத்து நிலத்துக்காரர் அசரவில்லை. “கல்ல எங்கியிருந்தோ எடுத்துக்கினு வந்து நட்டு வெச்சி எடுத்திருக்கலாமே மேடம். எப்ப எடுத்ததோ, யாருக்குத் தெரியும்?”

நான் ஏற்கெனவே வெள்ளைத் தாளோடு தயாராக இருந்தேன். என் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். சர்வேயர் தாளை வாங்கவில்லை. “தாளுல நீங்க எது வேணா எழுதலாம் சார். கேமராவுல எடுத்த ஒரிஜினல் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். டிஸ்க்கைக் கொடுத்தேன். அவர் ஞாயிறு ஃபோல்டரைத் திறந்து, அந்த வீடியோவின் மேல் மௌஸின் வலது பட்டனை ஒரு தட்டு தட்டினார். கேமராவே எழுதி வைத்திருந்தது – தேதி, மணி, நிமிடம், விநாடி. மழைக்காலம், ஏரி கோடி போன முதல் நாள். நடுவில் எங்கேயும் வெட்டில்லாத ஆறு நிமிடம்.

எக்ஸ்போர்ட் செய்த ஃபைலில் அந்தத் தேதி இல்லை. அதில் இருந்தது எக்ஸ்போர்ட் செய்த தேதிதான். மூலத்தில்தான் மூலத் தேதி. இத்தனை வருடமாக நான் மெனக்கெட்டுப் படத்தின் மேல் எழுதி எழுதிப் படத்தைக் கெடுத்துக்கொண்டிருக்க, அந்தச் சின்னப் பெட்டி ஒரு வார்த்தை பேசாமல் என்னைவிடத் துல்லியமாக நாள்குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருக்கிறது.

நம்மில் பலருக்கு இது உண்டு என்று நினைக்கிறேன். நடந்ததை அப்படியே வைத்தால் போதாது, நாம் ஒருமுறை தொட்டால்தான் அது முழுமையாகும் என்ற எண்ணம். ஒவ்வொரு முறை தொடும்போதும் நம் கைரேகை பளிச்சென்று விழுகிறது. அடியில் இருப்பது கொஞ்சம் மங்குகிறது.

அதிகாரி பக்கத்து நிலத்துக்காரரைப் பார்த்து, ஜேசிபி எதற்காக வந்தது என்று மட்டும் கேட்டார். அவர் நிலத்தைச் சமன் செய்ய என்றார். தடத்தையா, வாய்க்காலையா என்று அதிகாரி திரும்பக் கேட்டார். நிலத்தை அளந்து, வாய்க்காலைத் தோண்டி, கல்லைத் திரும்ப நட வேண்டும் என்று உத்தரவு ஆனது.

அடுத்த வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்தார். சங்கிலி போட்டு அளந்தார்கள். மதியத்துக்குள் வாய்க்கால் பாதி தெரிந்துவிட்டது. பனைமரத்துக்கு நேரே புதுக் கல்லை இறக்கி, மண்ணைத் தள்ளி இடித்தார்கள். நான் கேமராவை நெஞ்சில் கட்டிக்கொண்டு நின்றேன். சர்வேயர் நகர்ந்ததும் வசந்தா செருப்பை விட்டுவிட்டு அந்தக் கல்லின் மேல் ஏறி நின்றார். இடது பக்கம் ஒருமுறை சாய்ந்து பார்த்தார். வலது பக்கம் ஒருமுறை. கல் அசையவில்லை.

பதினோரு விநாடி. நான் வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை.